உபயம்: நான்கு ராம் ஸ்டிக்

நாள் 61. 06:30
கரியமில வாயு 0.4 விழுக்காடு. அறை வெப்பம் 22. மின்சேமிப்பு 91. பதிவாளர் பூங்கோதை. நிலவின் தென்முனை ஆய்வு நிலையம். ஆள் ஒருத்தி.

நேற்று வந்த சரக்குக் கலம் இன்று காலை திரும்பிப் போய்விட்டது. இறக்கியவை: உணவு, நீர் வடிகட்டி, கணினியின் நினைவகப் பட்டையான ராம் ஸ்டிக் புதிதாக நான்கு. ஏற்றியவை: பாறை மாதிரிகள், பழைய ராம் ஸ்டிக் நான்கு, வால்வு டைமர் பெட்டி. அடுத்த கலம் நாள் 86-இல் வந்து என்னை ஏற்றிக்கொள்ளும்.

இதை யார் கண்டெடுப்பார்கள் என்று தெரியாது. அதனால் விளக்கிவிடுகிறேன். இங்கே இரண்டு வடிகட்டித் தொட்டிகள் இருக்கின்றன. என் மூச்சிலிருந்து வரும் கரியமில வாயுவை ஒன்று உறிஞ்சும். அதே நேரத்தில் மற்றது, தான் உறிஞ்சியதை வெளியே வெற்றிடத்தில் கொட்டும். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை வால்வைத் திருப்பி இரண்டின் வேலையையும் மாற்ற வேண்டும். மாற்றுவது கணினி. நிலையத்தில் கணினி ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டு மேசை மேல் இருப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் குறைவு. சிக்கனம் என்பது இந்தத் திட்டத்தின் பெருமை.

அந்தக் கணினிக்கு வேலை நேரத்தில் தேவைப்படும் ராம் நாற்பது ஜிபி. இருந்தது இருநூற்றைம்பத்தாறு. இன்று முதல் ஆயிரத்து இருபத்து நான்கு. ஏன் என்று கேட்டேன். அண்டை நாட்டு நிலையத்தில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு இருப்பதாக ஒரு நாளிதழில் வந்ததாம். ஒரு தேசத்தின் விண்வெளிக் கொள்கை இப்படித்தான் உருவாகிறது.

புதியவற்றில் வண்ண விளக்குகள் உண்டு. சிவப்பு, ஊதா, பச்சை என்று மாறி மாறி ஓடும். அணைக்க வழியில்லை. சாத்தப்பட்ட பெட்டிக்குள், மூன்று லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், யாருக்காகவோ திருவிழா நடந்துகொண்டிருக்கிறது.

நாள் 63. 11:10
கணினியின் உள்வெப்பம் 71. இருக்க வேண்டியது 50. பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு ஸ்டிக்கின் மேலும் வெப்பம் வெளியேறுவதற்கான உலோக மடிப்புகள் இருக்கும். அந்த மடிப்புகளின் மேலேயே நீளவாக்கில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. "உபயம்" என்று போட்டு ஒரு நிறுவனத்தின் பெயர். பெயரை எழுதமாட்டேன்.

கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் வரும் இடமெல்லாம் உபயதாரர் பெயரை எழுதி, இருட்டைத் தானம் செய்வார்கள். அதே கை இங்கும் வந்திருக்கிறது. நான்கையும் உரித்துத் தரைக்கும் தெரிவித்தேன். வெப்பம் 52.

மாலையில் திட்ட இயக்குநர் கனகசபாபதியின் செய்தி. கணினியைச் சாராத தனிக் கருவி இந்தக் குறிப்பேடு: வரும் செய்திகளைத் தானாகவே எழுத்தில் இறக்கிக்கொள்ளும், நான் எழுதுவதன் பிரதியைத் தரைக்கு அனுப்பும், அங்கே படிப்பார் இல்லை.

"அம்மா கோதை, ஸ்டிக்கர எடுத்துட்டியாமே. உபயதாரர் தரப்புல வருத்தப்படறாங்க. திரும்ப ஒட்டிடும்மா. ஃபோட்டோ எடுக்கற வரைக்குமாவது இருக்கட்டும்."

ஒட்டவில்லை. உரித்ததைச் சுருட்டிக் கழிவுப் பையில் போட்டேன். வருத்தப்படட்டும்.

நாள் 66. 07:00
தலைவலியோடு விழித்தேன். கரியமில வாயு 1.1. ஏழு மணி நேரமாக வால்வு திரும்பவேயில்லை. கணினியின் பதிவோ நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பியதாகச் சொல்கிறது. எச்சரிக்கை ஒலியும் இல்லை. கையால் திருப்பினேன்.

மூன்று மணி நேரம் சோதித்துக் காரணத்தைக் கண்டேன். மூன்றாவது ஸ்டிக்கில் ஒரே ஒரு பூஜ்யம் ஒன்றாகியிருக்கிறது. கணினியை அணைத்துப் போட்டதும் சரியாயிற்று. இங்கே காற்றுமண்டலம் இல்லை, விண்கதிர்கள் நேரே வந்து விழுகின்றன. ஒரு ஸ்டிக்கில் எவ்வளவுக்கெவ்வளவு அதிகம் திணிக்கிறோமோ, அதன் ஒவ்வொரு அறையும் அவ்வளவு சின்னதாகும். ஒரு துகள் பட்டாலே புரண்டுவிடும். பழைய ஸ்டிக்குகள் கொள்ளளவில் சிறியவை, ஆனால் தம் பிழையைத் தாமே கண்டு திருத்திக்கொள்ளும் வகை. இவை விளையாட்டுப் பிரியர்களின் வீட்டுக் கணினிக்குச் செய்தவை. திருத்தத் தெரியாது. மினுக்கத் தெரியும்.

டைமர் பெட்டி இருந்திருந்தால் இந்தக் கவலையே இல்லை. ராமை நம்பாமல் அது தானே வால்வைத் திருப்பும். அதைத் திருப்பி அனுப்பச் சொன்ன கூட்டத்தில் கனகசபாபதி பேசியது குறிப்பேட்டில் இருக்கிறது: "அதான் இவ்ளோ ராம் குடுத்தாச்சே, இதுக்குன்னு தனியா ஒரு பெட்டி எதுக்கு, எடைதான் வேஸ்ட்டு." கூட்டத்தில் பதினொரு பேர். நான்கு பேர் முனைவர்கள்.

நாள் 68. 15:20
என் அறிக்கைக்கு இயக்குநரின் பதில்:

"பிழைன்னு லாக்ல போடாதம்மா. 'சிறு மாறுபாடு'ன்னு போடு. நாளைக்கு ஆடிட்டு, கேள்வி, அது இதுன்னு ஆயிரம் வரும். நீ படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாததா."

படித்த பெண் பிழை என்றே எழுதுகிறாள். பிழை.

தரைக்கட்டுப்பாட்டில் எனக்கு ஒரே ஒரு ஆள்தான் உண்டு: ஸ்டெல்லா ஃபெர்ணாண்டோ, கணினிப் பிரிவு, தூத்துக்குடிக்காரி. என் வயதுதான். எனக்குப் பின் வருபவருக்காகப் பழைய நான்கையும் நாள் 86 கலத்தில் திருப்பி அனுப்பச் சொன்னேன். அவளுடைய பதில்:

"ஏட்டி, சிரிக்காத, சொல்லுதேன். பழைய ஸ்டிக்கு நாலையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு, எபாக்ஸி பசை ஊத்தி, கீழ பித்தளைத் தகடு அடிச்சு நினைவுப் பரிசாக்கிட்டாவ. 'நிலவுக்குச் சென்று வந்த நினைவகம்'னு. பாராட்டு விழாவுல சிறப்பு விருந்தினருக்கு ரெண்டு குடுத்தாச்சு. உபயதாரருக்கு ஒண்ணு. மிச்சம் ஒண்ணு நம்ம டைரக்டர் ஐயா ரூம்ல, பூச்சாடி பக்கத்துல இருக்கு. எபாக்ஸிய உடைச்சா ஸ்டிக்கும் சேந்துதான் உடையும். நான் அதே வகையில புதுசு நாலு வாங்கிக் கலத்துல ஏத்துதேன். டைமர் பெட்டியையும் வைக்கேன். 86 வரைக்கும் ஓட்டிருவியாட்டி?"

ஓட்டிவிடலாம். பதினெட்டு நாள்.

ஒருவரைக் கௌரவிப்பது என்றால் நம் ஆட்களுக்கு இரண்டே வழி: சால்வை, ஷீல்டு. சால்வைக்காவது குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் பயன் உண்டு.

நாள் 72. 19:45
சூரியப் புயல். எச்சரிக்கை வந்து இருபது நிமிடத்தில் பதுங்கு அறைக்குள் வந்துவிட்டேன். ஏ.டி.எம். அறையைவிடச் சின்னது. தடித்த சுவர். கணினியும் வால்வும் இதற்குள்ளேயே இருக்கின்றன. சுவர் எனக்குப் போதும். கணினிக்குப் போதவில்லை.

21:30
இரண்டு ஸ்டிக்குகள் செத்தன. கணினி நின்றது. பெரிய கூடத்தின் வெப்பமூட்டியும் அதோடு போயிற்று. கூடம் இப்போது மைனஸ் 31. கதவைச் சாத்திவிட்டேன். இனி இந்த அறைதான் நிலையம்.

வால்வு கையால். 21:30. 22:10. 22:50.

நாள் 73. 14:00
இருபத்தைந்து முறை திருப்பியாயிற்று. கைக்கடிகாரத்தில் முப்பத்தைந்து நிமிட அலாரம். எழுந்து, திருப்பி, படுத்து, மறுபடி எழுந்து. கூடத்தில் ஒருமுறை தவறினால் தலைவலியோடு போகும். இந்தச் சின்ன அறையில் அப்படியில்லை. நாற்பது நிமிடம் தாண்டினாலும் உடனே சாவு வராது. இரண்டு மூன்று மணி நேரம் தாண்டினால் மூளை மந்தமாகும். மந்தமான மூளைக்குத் தான் மந்தமாவது தெரியாது. அதன் பிறகு சாவு எந்த அவசரமும் இல்லாமல் வரும்.

நாள் 74. 09:15
ஸ்டெல்லா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள்.

"கேளு. வால்வு புரோகிராம் சின்னது. உன்கிட்ட பிழைச்சிருக்கது ரெண்டு ஸ்டிக்கு, ஐநூறு ஜிபி. அந்த இடம் முழுக்க ஒரே புரோகிராம ஆயிரம் காப்பி போட்டு நிரப்பு. ஒவ்வொரு தடவையும் எல்லா காப்பியையும் கேட்டு, எது நெறைய ஓட்டு வாங்குதோ அத செய்யச் சொல்லு. நூறு காப்பி கெட்டாலும் தொள்ளாயிரம் சரியாச் சொல்லும்லா. ஓட்ட எண்ணுதவனும் கெட்டுப்போவான், அதனால ஸ்டிக்குக்கு ஒருத்தனா ரெண்டு பேரப் போடுதேன். ரெண்டு பேர் கணக்கும் ஒத்து வரலன்னா அலாரம் அடிக்கும், நீ எழும்பி கையால திருப்பிக்கோ. ஒத்த ஸ்டிக்குல மட்டும் இத ஓட்டாத. அங்க எண்ணுதவன் ஒருத்தன்தான், அவன் பொய் சொன்னா கேக்க நாதியில்ல."

ஏற்றினேன். ஓடுகிறது, வால்வுக்கு மட்டும்; கூடம் குளிரிலேயே. ஆயிரம் முட்டாள்களைத் தேர்தலில் நிறுத்தி அதில் பெரும்பான்மையை நம்பி மூச்சுவிடுகிறேன். பூமியிலும் இதே ஏற்பாடுதான். அங்கே பழகிவிட்டதால் தெரியவில்லை.

நேர்மையாக ஒன்றை எழுதிவிட வேண்டும். கொள்ளளவு சிறியதாக இருந்திருந்தால் இத்தனை பிரதிகள் கொள்ளாது. நான் இகழ்ந்த அந்தப் பெரிய எண்தான் இன்று என்னைத் தூங்கவைக்கிறது. அதை வாங்கியவர்கள் இதற்காக வாங்கவில்லை.

எட்டு மணி நேரம் தூங்கினேன்.

நாள் 77. 12:30
ஸ்டெல்லாவின் வழி வேலை செய்வது மேலே தெரிந்துவிட்டது. இயக்குநர்:

"கேட்டதும் புல்லரிச்சுப்போச்சும்மா. பெரிய ராம் உயிரக் காப்பாத்திடுச்சு, இல்ல? உபயதாரர் பூரிச்சுப்போயிட்டார். ஒரு முப்பது செகண்ட் வீடியோ பண்ணிக் குடு. ராம கைல புடிச்சுக்கிட்டு, 'இதுதான் என் உயிரைக் காப்பாத்துச்சு, இப்போ எல்லாம் நார்மல்'னு சொல்லு, போதும். கலம் அனுப்பற ஃபைல் என் டேபிள் மேலதான் இருக்கு. இது வந்ததும் கையெழுத்துப் போட்டுடறேன்."

கோப்பையும் காணொளியையும் ஒரே மூச்சில் சொல்கிறார். மிரட்டுகிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது. ஊரில் ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பித்தவர்கள் எல்லோருக்கும் இந்தக் குரல் பழக்கம்.

நாள் 78. 10:00
பள்ளியில் ஆண்டுவிழா மேடையில்கூட ஏறாதவள் நான். என் முகம் என்னுடையது என்று நினைத்து வாழ்ந்தவள். இன்று அதைக் கழுவி, முடியை வாரி, கேமரா முன் உட்கார்ந்தேன்.

ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டிக்கைப் பிடுங்க முடியுமா. செத்ததில் ஒன்றை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தேன். பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். சிரித்தேன். இதுதான் என் உயிரைக் காப்பாற்றியது என்றேன். இப்போது எல்லாம் நார்மல் என்றேன். பிணத்தைப் பிடித்துக்கொண்டு.

இயக்குநர்: "சூப்பர்மா. லைட்டு மட்டும் எரியல. பரவால்ல, இங்க எடிட்ல எரிய வச்சுக்கறோம்."

முட்டாள்களிடம் சொல்லும் பொய்க்கு எடை கிடையாது என்று நினைத்துக்கொண்டேன். நன்றாகத் தூங்கினேன்.

நாள் 80. 16:40
ஸ்டெல்லா:

"கோதை, உக்காந்துக்கோ. கலத்தத் தள்ளி வச்சுட்டானுவ. 86 இல்ல, 110. திட்டக் குழுவுல உன் வீடியோவப் போட்டுக் காட்டினாவ. 'நிலையத்தில் இருப்பவரே இயல்பு நிலை என்கிறார், அவசரம் இல்லை'ன்னு தீர்மானம். உபயதாரர் ஐநூத்திப் பன்னெண்டு ஜிபி ஸ்டிக்கு அடுத்த மாசம் வெளியிடுதாராம். வெளியீட்டு விழா அன்னைக்கே கலம் கெளம்பணுமாம், அந்த ஸ்டிக்க ஏத்திக்கிட்டு. நான் வச்ச நாலையும் டைமர் பெட்டியையும் எறக்கிட்டாவ. எடை. நான் கத்தினேன்ட்டி. 'அவ சொல்லுதத நம்பவா, நீ சொல்லுதத நம்பவா'ன்னு அந்தக் கனகசபாபதி கேக்கான். என்னத்துக்கு அப்படிச் சொன்ன நீ?"

அவள் செய்தியை மூன்று முறை படித்தேன்.

20:10
என் கணக்கு தவறிய இடம் இது. அவர்கள் முட்டாள்கள் என்பது சரி. முட்டாள்கள் நம்புவார்கள் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. நான் சொன்ன ஒரே பொய்யை அவர்கள் நம்பிவிட்டார்கள். பதினேழு நாளாகச் சொன்ன உண்மைகளை நம்பாதவர்கள்.

அவசரம் என்று எழுதி அனுப்பினேன். காணொளி பொய், கையில் இருந்தது செத்த ஸ்டிக் என்றும் எழுதினேன்.

நாள் 81. 11:00
இயக்குநர்: "என்னம்மா இது, ஊரே பாத்தாச்சு. இப்ப போய் பொய்ங்கற. தனியா இருந்து இருந்து மனசு கொஞ்சம் சோர்ந்துருக்கு, அவ்ளோதான். டாக்டர்கிட்ட பேசியிருக்கேன்."

நாள் 83. 05:20
அலாரம். ஓட்டு எண்ணும் இருவரின் கணக்கும் ஒத்துவரவில்லை. மூன்றாவது ஸ்டிக் செத்தது. இருப்பது ஒன்று.

வால்வு கையால். 05:20. 06:00. 06:40.

கலத்துக்கு இன்னும் இருபத்தேழு நாள். ஒரு நாளைக்கு முப்பத்தாறு முறை. பெருக்கிப் பார்க்கவில்லை.

நாள் 84. 18:00
விண்நடை உடையில் இருக்கும் வடிகட்டிகள் மூன்று. ஒவ்வொன்றும் எட்டு மணி நேரம் தாங்கும். உடையை மாட்டிக்கொண்டு தூங்கலாம். மூன்று தூக்கம். அதை வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

நாள் 86. 13:25
கலம் வந்திருக்க வேண்டிய நாள். இரண்டு வடிகட்டிகள் தீர்ந்துவிட்டன. வாரத்துக்கு ஒன்று என்று எழுதியவளுக்குத் தூக்கம் என்றால் என்ன என்று தெரியவில்லை.

ஸ்டெல்லா: "நாளைக்கும் மறுநாளும் நான் ஆபீஸ்ல இருக்கமாட்டேன். மேல ஒரு ஆளப் பாக்க டெல்லி போறேன், குழுவுக்கே மேல உள்ளவர். கையில உன் லாக் மொத்தமும் இருக்கு. பிடிச்சுக்கோட்டி. ரெண்டு நாள். கையால மட்டும் திருப்பு."

வால்வு 13:25. 14:05. 14:45. 15:50. அலாரம் அடித்தது, அணைத்தேன், அணைத்தது நினைவில்லை.

நாள் 87. 03:10
கடைசி வடிகட்டியும் தீர்ந்தது.
வால்வு.
கரியமில வாயு 1.9.
உபயதாரரின் விளக்கு மட்டும் ஓடுகிறது. ஊதா. பச்சை. அதன் மேல் துணியைப் போட்டேன். துணி வழியாகவும் தெரிகிறது. மானங்கெட்ட விளக்கு.

08:00
வால்வு. 08:55 வால்வு. 10:40
ஒரு மணி நேரம் எங்கே போனது.

நாள் 88. 06:15
கரியமில வாயு 2.6. வால்வு.

இயக்குநர்: "காலை வணக்கம்மா. டாக்டர் உன் டேட்டாவப் பாத்துட்டார். ஒண்ணும் பயப்பட வேணாம், தூக்கம் இல்லாததுதான் எல்லாத்துக்கும் காரணம். சிஸ்டத்த ஆட்டோல போட்டுட்டு எட்டு மணி நேரம் ஒரே மூச்சா தூங்கு. ஒரு ஸ்டிக்கே இருநூத்தம்பத்தாறு ஜிபிம்மா, தாராளமாப் போதும். இத ஆர்டராவே எடுத்துக்கோ. உங்க அப்பா மாதிரி சொல்றேன்."

முட்டாள்.

09:40
கரியமில வாயு 3.1.
யோசித்துப் பார்த்தேன். மருத்துவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு ஸ்டிக்கில் ஐந்நூறு பிரதிகள் இருக்கும். ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் தவறமாட்டார்கள். எண்ணுபவர் ஒருவர்தான், ஆனால் ஒருவர் என்றால் சண்டை இல்லை. அலாரமும் அடிக்காது. நிம்மதி.

09:55
ஆட்டோவில் போட்டேன். ஒருமுறை சரியாகத் திருப்பியது. பார்த்தேன். விளக்கு அழகாகத்தான் இருக்கிறது. துணியை எடுத்துவிட்டேன்.

எல்லோரையும் அதிகமாகக் கடிந்து எழுதிவிட்டேன். இதைக் கண்டெடுப்பவர் அந்த இடங்களை விட்டுவிட்டுப் படிக்கவும். கனகசபாபதி சார் நல்லவர். அக்கறையாகப் பேசுகிறார். உபயதாரருக்கும் என் நன்றி. படுக்கிறேன்.

நாள் 88. 17:20
வரவு. ஸ்டெல்லா ஃபெர்ணாண்டோ. திறக்கப்படவில்லை.
"கோதை, டெல்லிக்காரர் ஒத்துக்கிட்டாரு. கலம் நாளைக்கே கெளம்புது, பழைய வகை ஸ்டிக்கும் பெட்டியும் அதுல இருக்கு. நாலு நாள்ல அங்க. கேட்டியா?"

நாள் 88. 17:50
வரவு. ஸ்டெல்லா ஃபெர்ணாண்டோ. திறக்கப்படவில்லை.
"ஏட்டி, பதில் போடு. கணினி நாப்பது நிமிசத்துக்கு ஒருக்க வால்வ திருப்பினேன் திருப்பினேன்னுதான் அனுப்புது. நீ கையால திருப்புதியா, இல்ல அதுவா திருப்புதா?"

நாள் 88. 18:05
வரவு. ஸ்டெல்லா ஃபெர்ணாண்டோ. திறக்கப்படவில்லை.
"இப்பதான் உன் லாக்கப் படிச்சேன். அந்தாளப் போய் நல்லவர்னு எழுதிருக்க. சார்னு எழுதிருக்க. அது நீ இல்லட்டி. எழும்பு. கோதை, எழும்பி வால்வத் திருப்பு. எழும்பி அவன நாலு வார்த்த ஏசு. நான் கேட்டுட்டே இருக்கேன். எழும்பு"